ஏரிக்கரை உல்லாசமும் ‘…க்கு 180’ என்னும் தொடரும்: காணிப்பாக்கச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கையில் அதிகக் காசில்லாமல் நண்பர்களோடு ஓர் ஏரிக்கரையில் தங்கிவருவது குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. தேடிப் பார்க்காதவரை அது உண்மையும்கூட. ஆய்வுச் சிக்கல், ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, ஆய்வுப் பயன் என்று ஐந்து தலைப்பு போட்டு ஒரே செய்தியை ஐந்து முறை சொல்வது மரபு. நான் ஒரே முறை சொல்லிவிடுகிறேன்: ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பதில்லை, கணக்குப் பார்க்கிறார்கள்.

இட எல்லை: சித்தூர் மாவட்டம், ஐராலா மண்டலம், காணிப்பாக்கம் கோயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, இன்னும் கொஞ்சம் நடந்தால் வரும் ஒரு சிற்றூரின் ஏரி. ஊர்ப்பெயர் எழுதியிருந்த ஏட்டைச் செல் அரித்துவிட்டது. அரிக்கச் சொன்னது நாங்கள்தான். பெயர் வெளியே போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே ஸ்பீக்கர் பெட்டியோடு ஒரு வேன் வந்து நிற்கும்.

கால எல்லை: தை மாதம். வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீர் ஏரியில் இருந்தது. சித்திரையில் போயிருந்தால் இதே ஆய்வு ஒரு கிரிக்கெட் மைதானத்தைப் பற்றியதாகியிருக்கும்.

தகவலாளிகள்

தகவலாளிகளின் பெயரை வெளியிடுவது ஆய்வு அறத்துக்கு ஒவ்வாது. குடும்ப அமைதிக்கும் ஒவ்வாது. ஆறு பேர் என்பதால் க, ச, ட, த, ப, ற என்று வல்லின எழுத்துகளால் குறிக்கிறேன். மெல்லினம் பொருந்தாது என்பதைக் காட்பாடி ஸ்டேஷனில் ஜன்னல் சீட்டுக்கு இவர்கள் போட்ட சண்டையைப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். ட என்பது கட்டுரையாளன். சொல்லுக்கு முதலில் வராத எழுத்து அது; எந்தக் கல்லாவுக்கும் முதலில் போகாதவன் என்று சொல்லி ச இதை எனக்கு ஒதுக்கினார். ற-வும் சொல்லுக்கு முதலில் வராது. இவர் கடைசியிலும் வரவில்லை. ஆளுக்கு ஆயிரம் என்று பேசியபடி பணத்தைக் கட்டிவிட்டு, புறப்படும் நாள் விடியற்காலையில் “மச்சி, வீட்ல கொஞ்சம் பிராப்ளம், நீங்க போயிட்டு வாங்க” என்று எழுதிவிட்டுப் போனை அணைத்துவிட்டார் (வாட்ஸ்அப் குழுப் பதிவு, காலை 5.30, இப்போது அந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற பிற்காலத்து வாசகமே காணக் கிடைக்கிறது).

முன்னாய்வுகள்

ஏரிக்கரையில் ஓய்வெடுக்கலாம் என்று தென்னாட்டில் செலவழித்துக் காட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். கொடைக்கானல் ஏரி 1863-ல் வெரெ ஹென்றி லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் ஓடையை மறித்து உண்டாக்கியது. படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் ஏற்படுத்தியது. என்ன நினைத்து ஏற்படுத்தினாரோ, இன்று அது படகுத்துறை. நம் அரசர்களும் ஊராரும் வெட்டிய ஏரிகள் நெல்லுக்கு வெட்டியவை. அங்கே படகு இல்லை, டிக்கெட் கவுன்டர் இல்லை, குதிரைச் சவாரி இல்லை, மிளகாய் பஜ்ஜி இல்லை. உல்லாசத்துக்காக வெட்டாத ஏரியில் உல்லாசம் இலவசம் என்பதே இத்துறையின் பொருளாதார அடித்தளம்.

இன்னொரு முன்னாய்வு கொஞ்சம் பழையது. கடப்பை மாவட்டம் போருமாமிளாவில் விஜயநகரத்து இளவரசன் பாஸ்கரன் வெட்டுவித்த ஏரியின் கல்வெட்டு, 1369-ஆம் ஆண்டு. ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டு வருடம் உழைத்த கதையைச் சொல்லிவிட்டு, நல்ல ஏரிக்கு உறுப்புகள் பன்னிரண்டு, குற்றங்கள் ஆறு என்று வரிசைப்படுத்துகிறது. அறம் பிழையாத அரசன், நீர்நூல் கற்ற அந்தணன், கெட்டியான களிமண் என்று போகும் பன்னிரண்டில் ஒன்றுகூட எங்களிடம் இல்லாததால் அவற்றை விட்டுவிடலாம். குற்றங்கள் ஆறு. நாங்களும் ஆறு பேர். ஒப்பியல் ஆய்வு செய்ய இதைவிட வலுவான காரணத்தை நான் எந்த ஆய்வேட்டிலும் கண்டதில்லை.

முதல் குற்றம், கரையில் நீர் கசிதல். இது ப. அவரிடம் பகலில் சொன்னது இரவுக்குள் ஐந்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கசிவு விளையாட்டுக் காரியமல்ல. திருப்பதிக்குப் பக்கத்தில் ராயலசெருவு என்று விஜயநகர காலத்துப் பெரிய ஏரி ஒன்று உண்டு. 2021 நவம்பர் மழையில் அதன் கரை கசியத் தொடங்கி, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ப கசிந்தபோதும் சிலர் சில காலம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்திருக்கிறது.

உவர் நிலம் என்பது ச, எங்கள் கணக்கர். அந்த முகத்தில் சிரிப்பு முளைத்துப் பார்த்தவரில்லை. நடுவில் மேடிட்டிருத்தல் த; விளக்கம் வேண்டாம், படம் போதும், படமும் ஒரு பக்கத்தில் அடங்காது. நீர் குறைந்து நிலம் மிகுதல் ற. முதலில் காஷ்மீர் என்றார், பிறகு ஆலப்புழை படகு வீடு என்றார், காட்பாடிகூட வரவில்லை. நிலம் குறைந்து நீர் மிகுதல் நான்தான் என்பது மற்றவர்கள் துணிபு. பேச்சு நிறைய, பையில் ஒன்றுமில்லை என்று உரை எழுதுகிறார்கள். உரையாசிரியர்கள் இடறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

எஞ்சிய குற்றம், இரண்டு அரசுகளின் எல்லையில் அமைதல். இது க. வேலை வேலூரில், மாமனார் வீடு சித்தூரில். டிக்கெட் எடுக்கிற நேரத்தில் இந்தப் பக்கத்து ஆள், இலை போடுகிற நேரத்தில் அந்தப் பக்கத்து மாப்பிள்ளை. ஆனால் குற்றம் அவருடையது மட்டுமல்ல, ஊருக்கே உரியது. சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்த ஊர். தனி மாவட்டமானது 1911 ஏப்ரல் 1. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. எல்லைகள் எல்லாம் ஏன் ஏப்ரல் முதல் தேதியிலேயே மாறின என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள். 2022-ல் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது ஏப்ரல் 4 ஆக்கிவிட்டார்கள். யாரோ சுதாரித்துக்கொண்டார்கள் என்று தெரிகிறது.

முதற்பொருள்

மாந்தோப்பு ஒன்றின் மோட்டார் கொட்டகையில் தங்கினோம். தோப்பு க-வின் சின்ன மாமனாருடையது. வாடகை இல்லை, மோட்டார் ஓடும்போது பேசக்கூடாது, ஓடாதபோது தூங்கக்கூடாது என்பவை மட்டும் நிபந்தனை. தோப்பைத் தாண்டினால் ஏரிக்கரை. கரையின் நடுவில் மதகு. தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண், அவற்றுக்குக் குறுக்கே ஒரு கல், அதன் துளை வழியே இறங்கும் கட்டை. அந்தக் குறுக்குக் கல்லில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்வாயில் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. கடைக்கோடியில் கலிங்கு, அந்த வருடம் வழிந்த அடையாளமாகக் கற்களில் பச்சைப் பாசி காய்ந்து கறுத்திருந்தது. எருமை ஒன்று மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய மிதந்தது.

மேற்கண்ட வருணனை முழுவதும் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் பார்த்தது. அதன்பிறகு ஐவரில் ஒருவரும் காரணமில்லாமல் ஏரியின் பக்கம் திரும்பவில்லை.

கருப்பொருள்

தெய்வம் விநாயகர், உணவு ராகி சங்கடி, நாட்டுக்கோழிக் குழம்பு, புள் நீர்க்காகம், விலங்கு எருமை, பறை கொசு, தொழில் பங்கு போடுதல்.

உரிப்பொருள்

ஏரி மருத நிலத்தது. மருதத்துக்கு உரியது ஊடலும் ஊடல் நிமித்தமும். பொருள்வயிற் பிரிவு என்று ஒன்றை இலக்கணம் ஏற்றிருக்கும்போது பொருள்வயின் ஊடலையும் ஏற்றே தீரவேண்டும். சங்கப் புலவர்கள் இதைப் பாடாமல் விட்டதற்குக் காரணம், பரிசில் வாங்கியவர்கள் அதைத் தமக்குள் பங்கு போட்ட கதையைப் பாட்டில் வைக்க வெட்கப்பட்டிருக்கலாம்.

ஊடலின் முதல் துறை, ற-வின் ஆயிரம். நாட்டுக்கோழி ஆறு பேருக்கென்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆறாவது பங்கு த-வுக்குள் ஐக்கியமாயிற்று. எனில் ற-வுக்குப் பணம் திரும்புமா? மூன்று மதங்கள் எழுந்தன. த அத்துவைதி: கோழி ஒன்றே, உண்பவன் வேறு உண்ணாதவன் வேறு என்பது மாயை, ஆகவே திருப்பித் தரவேண்டியதில்லை. ப துவைதி: அவன் பணம் வேறு நம் பணம் வேறு, இரண்டும் என்றைக்கும் ஒன்றாகா. க விசிஷ்டாத்துவைதி: விறகும் மசாலாவும் பிரிக்க முடியாத அங்கம், அதைப் பிடித்துக்கொள்ளலாம், கறி பிரியக்கூடியது, அதைக் கொடுத்துவிடலாம். நடு இரவுக்கு வாதம் கோழியின் ஈரல் யாருக்குச் சேர்ந்தது என்ற சுத்த தத்துவ நிலையை எட்டியபோது மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியதால் மூன்று மதங்களும் ஒரே நேரத்தில் மௌனமாயின.

இரண்டாம் துறைதான் இக்கட்டுரையின் உயிர். ச-வின் கணக்கு அவர் மகளுடைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. காலையில் அதை வாய்விட்டுப் படித்துவந்தவர் ஓரிடத்தில் நின்றார். வரியின் முன்பாதியில் குழம்புக் கறை. மிச்சம் தெரிந்தது இவ்வளவுதான்: ‘…க்கு 180’ (ரஃப் நோட், பின்னட்டையிலிருந்து மூன்றாம் பக்கம், ஏழாம் வரி, கறைக்கு வடகிழக்கே).

கல்வெட்டில் எழுத்து எங்கே உதிர்ந்திருக்கிறதோ அங்கேதான் ஆய்வாளரின் சொந்த ஊர் இருக்கும். இவ்விதி இங்கும் பிழைக்கவில்லை. ஆட்டோவுக்கு என்று பணம் கொடுத்ததாகச் சொல்லிவரும் க, ‘[ஆட்டோவு]க்கு 180’ என்று படித்தார். அர்ச்சனைத் தட்டு வாங்கியதாகச் சொல்லும் த, ‘[சாமி]க்கு’ என்றார். எதுவும் வாங்காத ப, ‘[ப-வு]க்கு’ என்றே படித்து, அது தனக்குத் தரவேண்டிய பாக்கி என்றார். கறையின் அகலத்தைத் த தீக்குச்சியால் அளந்தார். ஒரு குச்சியும் மருந்துத் தலையும் சேர்ந்த நீளம் (அளவீட்டுக் குறிப்பு, பீடிக்கட்டின் உள் காகிதத்தில், பென்சில், அக்காகிதம் பின்னர் பல் குத்தப் பயன்பட்டு மறைந்தது). ச-வின் கையெழுத்தில் ஒரு குச்சிக்கு மூன்று எழுத்துக்கு மேல் அடங்காது. எனவே ஆட்டோ விழுந்தது.

இந்த இடத்தில் ஓர் ஐயம் எழலாம்: வரியை எழுதிய ச எதிரிலேயே உட்கார்ந்திருந்தாரே, அவரைக் கேட்டால் என்ன? கேட்டோம். நினைவில்லை என்றார். அத்துடன் அவருடைய சாட்சியம் ஆய்வுக்கு உதவாதென்று தள்ளப்பட்டது. படைப்பாசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967-ல் எழுதியதை நம் பல்கலைக்கழகங்கள் ஏன் அவ்வளவு ஆவலோடு ஏற்றுக்கொண்டன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இறந்த ஆசிரியர் குறுக்கே பேசமாட்டார். நம்மவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், உயிரோடிருக்கும் எழுத்தாளரைக் கருத்தரங்குக்கு அழைத்து, சால்வை போட்டு, அவருக்கு முன்னாலேயே அவர் நினைக்காததையெல்லாம் சொல்லி, பங்கேற்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அகச்சான்று கைவிட்டதால் புறச்சான்று தேடி ஊர் டீக்கடைக்குப் போனோம். அங்கே ஒரு சுவர்க் கல்வெட்டு கிடைத்தது. வடக்குச் சுவர், தினக் காலண்டருக்குக் கீழே, சுண்ணாம்புக் கட்டி எழுத்து, தெலுங்கு, ஒரு வரி: ‘அரவவாள்ளு 12 டீ’. தமிழ்க்காரர்கள் பன்னிரண்டு டீ என்று அதற்குப் பொருள் (பதிப்பு: க, கைப்பேசிப் படம், சிறப்புப் பதிப்பு: த, அதே படத்தைப் பெரிதாக்கியது, திருந்திய பதிப்பு: ப, காலண்டரைத் தூக்கிப் பார்த்து, அடியில் மறைந்திருந்த ‘பாக்கி’ என்ற சொல்லையும் சேர்த்தது, கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்த பின் எஞ்சிய பதிப்பு: வெறும் சுவர்).

ஒரு டீ பதினைந்து என்றால் பன்னிரண்டு டீ 180. கணக்கு அச்சாகப் பொருந்தியது. க எழுந்து நின்றே விட்டார். ஆனால் டீ பத்து ரூபாய்தான்.

“பத்தா பதினஞ்சான்னு சொல்லுங்கண்ணா.”

“பத்துதான் சார்.”

“அப்புறம் எப்படி நூத்தியெண்பது வரும்?”

“வடை சாப்ட்டா வரும் சார்.”

ஒரு துறையின் திசையையே ஒரு வாக்கியம் மாற்றிவிடுவதுண்டு. பன்னிரண்டு டீ 120. மிச்சம் 60. வடை பத்து ரூபாய். ஆறு வடை. ஆனால் ஐவரில் யாரும் வடை தின்றதாக வரலாறு இல்லை. ச-வுக்குச் சர்க்கரை, வடை, பஜ்ஜி, போண்டா எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. தின்றதை எழுதினால் நோட்டு வீட்டுக்குப் போகும். சொன்னால் ப கசிவார். எனவே வடையை வெளிப்படையாக எழுதாமல், ‘[டீ]க்கு’ என்று மொத்தமாக எழுதி, அதன்மேல் குழம்பும் ஊற்றப்பட்டது என்பது என் துணிபு. கறை தற்செயலானது என்பார் கருத்து ஏற்கத்தக்கதன்று. மற்ற பதினான்கு வரிகளில் ஒரு சொட்டும் இல்லை.

துணிபை வெளியிட்டதும் ச கொந்தளித்தார். த ஆதரவுக்கு வந்து, கணக்கில் பிசகியவர்களை நம் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தெரியும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியமும் உண்டு, தோட்ட வாரியமும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லை என்ற விதியும் உண்டு. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மனைவியோடு பிறந்தவர் என்று ஒரு பெரிய பட்டியலுக்கே தடை. இதை எடுத்துச் சொன்னதும் த சட்டென்று ஏரியின் பக்கம் திரும்பி நீர்க்காகத்தைப் பார்க்கத் தொடங்கினார். த, ச-வின் மனைவியோடு பிறந்தவர்.

வேறு வழியில்லாமல் ச அந்தச் சொல்லைச் சொன்னார்: “வாங்கடா, காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றேன்.”

இதன் கனம் இந்தப் பக்கத்தில் பழகியவர்களுக்குத் தெரியும். காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சத்தியத்துக்குச் சாட்சி. கொடுக்கல் வாங்கல், திருட்டு, துரோகம் என்று தீராத வழக்கெல்லாம் அங்கே போகும். சந்தேகத்துக்கு உரியவர் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்தோடு சன்னதியில் நின்று சத்தியம் செய்யவேண்டும். பொய் சொன்னால் தண்டனை நிச்சயம் என்பது நம்பிக்கை. முழுகுவதற்கு முன்பே உண்மையைக் கக்கிவிடுகிறவர்கள் அதிகம் என்று சொல்வார்கள். ஆந்திர அரசியல்வாதிகளும் ஒருவருக்கொருவர் “காணிப்பாக்கத்துக்கு வா” என்று சவால் விட்டுக்கொள்வதுண்டு. என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் ‘இது என் சொந்த முயற்சியில் உருவானது’ என்று ஓர் உறுதிமொழி அச்சிட்டிருக்கும், நெறியாளரும் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கையெழுத்தைக் காணிப்பாக்கத்துக் குளப்படியில் வைத்துத்தான் போடவேண்டும் என்று ஓர் ஆணை வந்தால் போதும். நூலகங்களில் எவ்வளவு இடம் மிச்சமாகும்!

கோயிலுக்குப் போனோம். பாகுதா நதிக்கரை. பார்வையற்றவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் என்று மூன்று சகோதரர்கள்; வறண்ட கிணற்றைத் தூர் எடுக்கும்போது கடப்பாரை கல்லில் பட்டு இரத்தம் பெருக, மூவர் குறையும் நீங்கியது, கிணற்றிலிருந்து விநாயகர் வெளிப்பட்டார் என்பது தல வரலாறு. (ஓட்டலில் பில் வரும்போது எங்களில் மூவருக்கு இதே மூன்று குறைகளும் வந்துவிடும். இதுவரை நீங்கியதில்லை.) மூர்த்தி வளர்ந்துகொண்டே இருக்கிறார், முன்பு செய்து சாத்திய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பார்கள். கோயிலை முதலாம் குலோத்துங்கன் 11-ஆம் நூற்றாண்டில் கட்டியதாகவும், 1336-ல் விஜயநகர அரசர்கள் விரிவுபடுத்தியதாகவும் எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. விஜயநகரம் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆண்டும் 1336. அரசு பிறந்த வருடமே ஹம்பியிலிருந்து இவ்வளவு தூரம் திருப்பணிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நம் பொதுப்பணித் துறை கவனிக்கவேண்டிய வேகம்.

குளப்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ச நின்றார். தை மாதத்துக் காலை. தண்ணீரில் ஒரு விரலை விட்டு எடுத்தார். “நான் மட்டும் எதுக்கு? எல்லாரும் முழுகுவோம். அப்பதான் நியாயம்.” எல்லாரும் என்றதும் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. க செருப்பு விட்ட இடத்தைப் பார்க்கப் போனார். த பிரசாத வரிசைக்குப் போனார். ப யாருக்கோ போன் செய்யப் போனார்; யாருக்கென்று சொல்லவேண்டியதில்லை. பொதுப்பணம் இருந்த மஞ்சள் பை படியில் கிடந்தது. வருகிறவர் போகிறவர் என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் அதற்குக் காவல் இருந்தோம். கடைசிவரை யாரும் முழுகவில்லை. தரிசனம் முடித்து, சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ச பையைத் திறந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். க-விடம் கொடுத்து எண்ணச் சொன்னார்.

540 ரூபாய் கூடுதலாக இருந்தது.

நாணயவியல் சான்றுகள் தெளிவானவை. ஒரு 180, நூறும் ஐம்பதும் மூன்று பத்துமாக மடித்துப் பையின் ஓரத்தில் செருகப்பட்டிருந்தது. இன்னொரு 180 முழுவதும் பத்து ரூபாய்த் தாள்கள். வீட்டில் டப்பாவில் சேர்த்துவைத்த பணத்தின் மடிப்பும் வாசனையும் அதில் இருந்தன. மூன்றாமவர் இருநூறு ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டுப் பையிலிருந்து இருபதை எடுத்துக்கொண்டிருக்கிறார். மனசாட்சிக்கும் சில்லறை பார்க்கும் ஆள். காணாமற்போனது ஒரு 180. திரும்பி வந்தவை மூன்று. வடை தவிர வேறு இரண்டு வரலாறுகள் அந்த நோட்டுக்கு வெளியே நடந்திருக்கின்றன என்பது உறுதி. அவை என்ன என்று யாரும் கேட்கவில்லை. சித்தூர் வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அந்தச் சுற்றுலாவில் அமைதியாகக் கழிந்த நேரம் அது ஒன்றுதான். மூவரில் ஒருவர் இக்கட்டுரையாளன் என்ற ஊகம் நண்பர்களிடையே உலவுகிறது. அதற்குச் சான்று போதாது. பத்து ரூபாய்த் தாள் எல்லார் வீட்டிலும் உண்டு.

முடிபு

540-ல் அசலுக்கு 180 போக உபரி 360. இதைச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சாப்பாட்டுக்குச் செலவிட ஆய்வுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ச வெளிப்படையாக இரண்டு வடை தின்றார். ப அதைப் படம் எடுத்தார்.

இந்த உபரிச் செய்தி ப வழியாக அன்றிரவே ற-வுக்குப் போயிற்று. ஆயிரத்தோடு உபரியில் ஆறில் ஒரு பங்காக 60 ரூபாயும் தனக்கு வரவேண்டும் என்று அவர் குழுவில் எழுதியிருக்கிறார். ஆயிரத்தைப் பொறுத்தவரை மூன்று மதங்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அறுபதைப் பொறுத்தவரை கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. உபரியில் பங்கு கேட்பவர் 180 எடுத்திருக்கவேண்டும், அல்லது போட்டிருக்கவேண்டும். அவர் இரண்டும் செய்யவில்லை. மேல்முறையீடு செய்ய விரும்பினால் சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் 12 கிலோமீட்டர் அளவுதான், பஸ் அடிக்கடி உண்டு. முழுகிவிட்டுத்தான் சத்தியம், மாற்று வேட்டி எடுத்துவரவும்.